பொம்மைப் பையனும் வியன்னா வைத்தியரும்

1881-ம் ஆண்டு ஜூலை மாதம் ரோமாபுரியில் தொடங்கிய ஒரு குழந்தைகள் பத்திரிகையின் முதல் இதழில் தொடர்கதை ஒன்று ஆரம்பமாயிற்று. ஜெப்பெட்டோ என்ற ஏழைக் கிழவர் ஒரு கட்டையைச் செதுக்கிப் பொம்மை செய்கிறார். செதுக்கி முடிப்பதற்குள்ளேயே பொம்மை அவரைப் பரிகாசம் செய்கிறது. அவர் தலையிலிருந்த பொய்ம்முடியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறது. கால்கள் அமைந்த மறுகணம் அவரை உதைக்கிறது. நடக்கக் கற்றுக்கொண்டதும் தெருவில் ஓட்டம் பிடிக்கிறது. துரத்திப் போன கிழவரைப் போலீஸ்காரர் சிறைக்கு அழைத்துச் செல்ல, பொம்மைப் பையன் மட்டும் ஹாயாக வீடு திரும்புகிறான். அவன்தான் உலகம் அறிந்த பினோக்கியோ.

வீட்டுக்குள் அவனுக்காக ஒரு குரல் காத்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அறையில் குடியிருக்கும் சுவர்க்கோழி ஒன்று, பெற்றோர் சொல் கேளாத பிள்ளைகள் பின்னால் வருந்த நேரிடும் என்று அவனுக்குப் புத்தி சொல்கிறது. உண்பது, குடிப்பது, உறங்குவது, காலை முதல் மாலைவரை ஊர் சுற்றுவது, இவைதாம் தனக்குப் பிடித்த தொழில் என்கிறான் பையன். சுவர்க்கோழி விடுவதாயில்லை. பையனுக்குக் கோபம் மூண்டது. பக்கத்தில் கிடந்த கொட்டாப்புளியை எடுத்து வீசினான். சுவர்க்கோழி சுவரோடு சுவராக ஒட்டி உயிரை விட்டது.

குழந்தைகளுக்கு எழுதும் கதையில், நீதி சொல்ல வந்த பிராணியை நாலாவது அத்தியாயத்திலேயே கதாநாயகன் கொன்றுவிடுவதா? 1940-ல் இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்த வால்ட் டிஸ்னி கம்பெனியாருக்கு இது பொறுக்கவில்லை போலும். சுவர்க்கோழிக்குத் தொப்பியும் குடையும் கொடுத்து, பையனுடைய மனச்சாட்சி என்ற உத்தியோகத்தையும் கொடுத்து, கடைசிவரை உயிரோடு வைத்துக்கொண்டார்கள். ஆனால் கதையை எழுதிய கார்லோ கொல்லோடி குழந்தை மனத்தை அறிந்தவர். புத்தி சொல்லும் குரலை ஒரே போடாகப் போட்டு அடக்கிவிடலாமா என்று ஒரு தடவையாவது நினைக்காத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது?

கொல்லோடி இந்தக் காட்சியை எழுதி 42 ஆண்டுகளுக்குப் பிறகு, 1923-ல், வியன்னா நகரத்து வைத்தியர் சிக்மண்ட் பிராய்டு ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் பினோக்கியோவின் பேச்சே இல்லை. ஆயினும் அந்த நூலைப் படித்துவிட்டுப் பினோக்கியோவைத் திறப்பவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது. கட்டைப் பையனும் சுவர்க்கோழியும் ஒவ்வொரு மனிதனுடைய மனத்துக்குள்ளும் குடியிருப்பதாக அந்த வைத்தியர் சொல்லியிருந்தார்!

பிராய்டின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழந்தைக் கதைகளைப் பார்ப்பது பிற்காலத்தில் ஒரு தனி ஆராய்ச்சியாகவே வளர்ந்துவிட்டது. அந்தக் கண்ணாடியில் தெரிவதில் கதை எவ்வளவு, கண்ணாடியின் நிறம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மனத்துக்குள் மூவர்

பிராய்டு சொன்னதன் சாரம் இது: மனித மனம் ஒருவர் மட்டும் குடியிருக்கும் வீடு அல்ல. அதில் மூவர் குடித்தனம் நடத்துகிறார்கள்.

முதல்வன் பிறக்கும்போதே கூட வந்தவன். பசித்தால் அந்தக் கணமே பால் வேண்டும்; ஆசைப்பட்டால் அந்தக் கணமே கையில் வேண்டும்; பிடிக்காவிட்டால் அந்தக் கணமே உடைக்க வேண்டும். நல்லது கெட்டது அவனுக்குத் தெரியாது. நேற்று நாளை என்ற கணக்கும் கிடையாது. இவனுக்குப் பிராய்டு வைத்த பெயர் 'அது'.

இரண்டாமவன் பெயர் 'நான்'. உலகத்தில் அடிபட்டு, நெருப்பு சுடும் என்றும் அடுத்த வீட்டுக்காரன் கோபிப்பான் என்றும் கற்றுக்கொண்டவன் இவன். 'அது'வுக்கு வேண்டியதைக் காலமும் இடமும் பார்த்து வாங்கித் தருவது இவன் வேலை. குதிரைமேல் சவாரி செய்பவனை இவனுக்கு உவமையாகச் சொன்னார் பிராய்டு. ஆனால் பல சமயங்களில் குதிரை போக விரும்பும் இடத்துக்கே அதை ஓட்டிச் சென்று, தானே ஓட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் சவாரிக்காரன் இவன்!

மூன்றாமவன் 'மேல்நான்'. தாய் தந்தையர் வெளியிலிருந்து சொன்ன 'செய்யாதே', 'செய்' என்ற கட்டளைகள் உள்ளே குடியேறி, அவர்கள் இல்லாதபோதும் பேசும் குரல் இது. மனச்சாட்சி என்று பெரியோர் சொல்வதற்கு நெருங்கியது; ஆனால் சில சமயம் மனச்சாட்சியைவிடக் கடுமையானது. செய்யாத குற்றத்துக்கும், வெறுமனே நினைத்த நினைப்புக்கும்கூடத் தண்டனை விதித்துவிடும்.

பிராய்டு ஜெர்மன் மொழியில் எழுதியவர். சிறு குழந்தையும் நாள்தோறும் பேசும் 'அது', 'நான்' என்ற சொற்களையே அவர் கையாண்டார். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் லத்தீன் மொழிக்குப் போய் 'இட்', 'ஈகோ', 'சூப்பர் ஈகோ' என்று மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டைப் போன்ற பெயர்களைக் கொண்டு வந்தார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. "என்னையும் மீறி அது நடந்துவிட்டது" என்று படிப்பறியாத கிழவியும் சொல்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் 'நான்', 'அது' இருவரும் வந்துவிடுகிறார்கள் அன்றோ?

மூளையை அறுத்துப் பார்த்தால் இந்த மூவரும் அகப்படமாட்டார்கள். பிராய்டு சொன்ன பலவற்றை இன்றைய மனோதத்துவ ஆராய்ச்சி அப்படியே ஏற்றுக்கொள்வதுமில்லை. ஆனால் ஒரே மனம் தன்னோடு தானே சண்டை போடுகிறது என்ற உண்மைக்கு அவர் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அந்தச் சண்டையை மறைக்காமல் பேசுவதில் குழந்தைக் கதைக்கு இணை இல்லை.

செத்த குரல் திரும்புகிறது

மறுபடியும் பினோக்கியோவிடம் போவோம். சுவர்க்கோழியைக் கொன்ற அன்றிரவே அவனைப் பசி வாட்டுகிறது. கிடைத்த ஒரே முட்டையை உடைத்தால் குஞ்சு வெளிவந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் பறந்துபோகிறது. கணப்புச் சட்டிமேல் காலை நீட்டித் தூங்கியவன் விழித்துப் பார்க்கும்போது மரக்கால்கள் கரியாகியிருக்கின்றன. 'அது' மட்டும் வீட்டை ஆண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் வேண்டியதில்லை.

சிறையிலிருந்து திரும்பும் கிழவர் திட்டவில்லை. தமக்கென்று வைத்திருந்த மூன்று பேரிக்காய்களையும் கொடுக்கிறார். புதுக் கால்கள் செய்து தருகிறார். பனிக்காலத்தில் தம்முடைய ஒரே கோட்டை விற்று அரிச்சுவடி வாங்கி வருகிறார். அந்த அரிச்சுவடியையும் விற்றுவிட்டுப் பையன் பொம்மலாட்டம் பார்க்கப் போகிறான்!

கொல்லப்பட்ட சுவர்க்கோழி என்னவாயிற்று? அதுதான் விசேஷம். நரியும் பூனையும் காசு மரம் முளைக்கும் என்று ஆசை காட்டிப் பையனை ஏமாற்றும்போது, நள்ளிரவு இருட்டில் மங்கலான ஒளியுடன் ஓர் உருவம் தோன்றி, வீட்டுக்குத் திரும்பிப் போ என்கிறது. செத்த சுவர்க்கோழியின் ஆவி அது! பையன் கேட்கவில்லை; திருடர்களிடம் அகப்படுகிறான். இறந்துபோன தந்தையின் குரல் உயிரோடிருந்த தந்தையின் குரலைவிட வலுப்பெறும் என்று 1913-ல் எழுதினார் பிராய்டு. வெளியிலிருந்து கேட்ட குரலைக் கொட்டாப்புளியால் அடிக்கலாம். உள்ளே புகுந்துவிட்ட குரலை எதைக் கொண்டு அடிப்பது?

கொல்லோடி முதலில் இந்தக் கதையைப் பையன் மரத்தில் தூக்கிலிடப்படுவதோடு, 1881 அக்டோபரில், முடித்துவிட்டார். படித்த குழந்தைகள் சும்மா இருப்பார்களா? கதை தொடர வேண்டுமென்று கேட்டார்கள். மறு ஆண்டு கதை மீண்டும் தொடங்கி, 1883 ஜனவரியில் நிறைவு பெற்றது. அந்த இரண்டாம் பகுதியில்தான் பையன் 'நான்' ஆகிறான். விளையாட்டு நாட்டுக்குப் போய்க் கழுதையாக மாறி, சுறாமீனின் வயிற்றில் தந்தையைக் கண்டெடுத்து, அவரைத் தோளில் சுமந்து கடல் நீந்துகிறான். பிறகு ஒரு குடிசைக்கு வருகிறார்கள். அங்கே யார்? அதே சுவர்க்கோழி! இந்தத் தடவை பையன் பணிவோடு பேசுகிறான். சுவர்க்கோழி பழைய கொட்டாப்புளியை நினைவூட்டுகிறது, ஆனால் மன்னித்துவிடுகிறது. தந்தைக்கு ஒரு டம்ளர் பால் வாங்குவதற்காக ஏற்றம் சுற்றித் தண்ணீர் இறைக்கிறான் பையன்.

மிரட்டிய காலத்தில் உயிர் விட்ட குரல், அன்பு பிறந்த பிறகு நண்பனாகிவிட்டது. பிராய்டின் கண்ணாடி இதைத் துலக்கமாகக் காட்டுகிறது என்று ஒப்புக்கொள்ளவே வேண்டும். காரணம், காட்டுவதெல்லாம் கொல்லோடியின் எழுத்திலேயே இருக்கிறது.

தொப்பி போட்ட பூனை

1954-ல் ஜான் ஹெர்ஸி என்ற எழுத்தாளர் அமெரிக்கப் பள்ளிக்கூட வாசகப் புத்தகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவற்றிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் அப்பழுக்கற்ற நல்ல பிள்ளைகள். அதனால்தான் குழந்தைகளுக்குப் படிக்கப் பிடிக்கவில்லை என்பது அவர் கட்சி. அந்த விவாதத்தின் பலனாக 1957-ல் வெளிவந்தது டாக்டர் ஸ்யூஸ் எழுதிய, தொப்பி அணிந்த பூனையின் கதை. மொத்தம் 236 வெவ்வேறு சொற்களைக் கொண்டே முழுக் கதையும் எழுதப்பட்டது. அமெரிக்க வகுப்பறைகளில் பிராய்டின் மூவரையும் விளக்குவதற்கு ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளும் கதைகளில் இது முக்கியமானது.

மழை நாள். தாயார் வெளியே போயிருக்கிறாள். அண்ணனும் தங்கையும் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய பூனை உள்ளே வருகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி வித்தை காட்டுகிறது. தடாலென்று கீழே போடுகிறது. போதாக்குறைக்குப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு குட்டிப் பிசாசுகளை அவிழ்த்து விடுகிறது. கண்ணாடிக் கிண்ணத்திலிருக்கும் மீன் மட்டும், அம்மா இல்லாதபோது இந்தப் பூனைக்கு இங்கே என்ன வேலை என்று ஓயாமல் கத்துகிறது.

பூனை 'அது', மீன் 'மேல்நான்', நடுவில் விழிக்கும் பையன் 'நான்' என்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது. ஆனால் கதை அதற்கு மேலும் ஓர் உண்மையைச் சொல்கிறது. மீன் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. பையன் எழுந்து வலையை எடுத்த பிறகுதான் பிசாசுகள் பிடிபடுகின்றன. கண்டிக்கும் குரலால் மட்டும் வீடு அடங்குவதில்லை. செயல்பட வேண்டியவன் 'நான்'தான். கடைசியில் ஓர் இயந்திரத்தில் ஏறி வந்து வீட்டைச் சுத்தம் செய்து கொடுப்பது யார்? அதே பூனை! குறும்புக்கு இருந்த சக்தியே வேலைக்கும் உதவுகிறது. முரட்டு ஆசையின் பலத்தை நல்ல காரியத்தில் திருப்பிவிடுவதுதான் நாகரிகம் என்று பிராய்டு சொன்னதும் இதுவே.

தாய் திரும்பி வந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். பிள்ளைகள் என்ன சொல்வது? ஆசிரியர் விடை தரவில்லை. படிக்கும் குழந்தையிடமே கேள்வியைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்.

வளர மறுத்தவன்

1904 டிசம்பர் 27-ம் தேதி லண்டனில் அரங்கேறிய நாடகம் பீட்டர் பான். எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜே. எம். பாரி. வளரவே மறுத்துக் கனவுத் தீவில் பறந்து திரியும் பையனின் கதை இது. முதல் அரங்கேற்றத்தில் குழந்தைகளின் தகப்பனாராக நடித்த நடிகரே கொடிய கொள்ளைத் தலைவன் ஹூக்காகவும் நடித்தார். பின்னர் அதுவே வழக்கமாயிற்று. பகலில் கண்டிக்கும் தகப்பனார் இரவில் கத்தியும் கொக்கியுமாக வருகிறார்! தந்தையைப் போட்டியாளனாகக் கருதும் குழந்தை மனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பிராய்டு மதத்தினருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்தக் கதையில் அதைவிட ஆழமான செய்தி ஒன்று உண்டு. பீட்டருக்கு ஞாபகமே நிற்பதில்லை. தான் வென்ற பகைவனையும் மறக்கிறான், உயிரைக் கொடுத்து உதவிய தோழியையும் மறக்கிறான். ஞாபகம் இல்லாதவனுக்குக் குற்ற உணர்ச்சியும் இல்லை. 'மேல்நான்' குடியேறாத வீடு அவன் மனம். அவன் பறப்பது அதனால்தான். அவனால் யாரையும் உண்மையாக நேசிக்க முடியாததும் அதனால்தான். வளராமல் இருப்பதற்கு அவன் கொடுக்கும் விலை அது.

பாரிக்கு ஆறு வயதாயிருந்தபோது, 1867-ல், அவருடைய அண்ணன் டேவிட் பனிச்சறுக்கு விளையாட்டில் நேர்ந்த விபத்தில் இறந்தான். பதினாலாவது பிறந்த நாளுக்கு ஒரு நாள்தான் பாக்கி. தாய் படுத்த படுக்கையானாள். சிறுவன் பாரி, அண்ணனைப் போலவே சீட்டியடித்து, அண்ணனுடைய உடையை அணிந்துகொண்டு தாயின் முன் போய் நின்றான். 1896-ல் தாயைப் பற்றி எழுதிய நூலில் இதை அவரே விவரித்திருக்கிறார். இறந்த பிள்ளை என்றும் சிறுவனாகவே இருப்பான் என்பதுதான் அந்தத் தாய்க்கு ஆறுதல். வளராத பையன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு ஒரு தடயம் இங்கே கிடைக்கிறது. இதை அறிய பிராய்டின் தத்துவமும் தேவையில்லை. ஒரு துயரப்பட்ட வீட்டின் கதவைத் திறந்து பார்த்தால் போதும்.

கண்ணாடியின் நிறம்

கதைகளையும் மனநோயையும் இணைத்துப் பார்த்த முதல்வர்களில் பிராய்டும் ஒருவர். ஜன்னலுக்கு வெளியே வாதுமை மரத்தில் வெள்ளை ஓநாய்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகச் சிறு வயதில் கனவு கண்ட ஒரு ரஷ்யச் செல்வந்தருக்கு அவர் சிகிச்சை செய்தார். கதைப் புத்தகத்திலிருந்த ஓநாய்ப் படத்தைக் காட்டி அவருடைய அக்காள் பயமுறுத்தியதும், ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் என்ற கதையும் அந்தக் கனவுக்குள் புகுந்திருப்பதாகப் பிராய்டு 1918-ல் வெளியிட்ட வரலாற்றில் விளக்கினார். அதுவரை சரி. அந்தக் கனவிலிருந்து அவர் மேலும் ஊகித்துச் சென்ற பலவற்றை, அந்த நோயாளியே முதுமையில் நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் குருவையும் மிஞ்சினார்கள். எரிக் பிராம் என்ற மனோதத்துவ அறிஞர் 1951-ல், சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையை ஆராய்ந்தார். குல்லாயின் சிவப்பு நிறம், கையிலிருந்த புட்டி, வழி தவறாதே என்று தாய் செய்த எச்சரிக்கை, ஓநாயின் வயிற்றில் வைத்துத் தைத்த கற்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பருவமடையும் பெண்ணின் மனத்தைப் பற்றிய மறைபொருள் சொன்னார். 1984-ல் சரித்திர ஆசிரியர் ராபர்ட் டார்ன்டன் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பிரான்ஸ் தேசத்து உழவர்கள் குளிர்காயும் இடத்தில் சொல்லி வந்த பழைய கதையில் சிவப்புக் குல்லாய் உண்டா? இல்லை. புட்டி உண்டா? இல்லை. தாயின் எச்சரிக்கையும் இல்லை, கற்களும் இல்லை! குல்லாய் 1697-ல் பெரோ என்பவர் எழுதிய கதையில் வந்தது. மற்றவை 19-ம் நூற்றாண்டில் கிரிம் சகோதரர்களின் புத்தகத்தில் வந்தவை. ஜன சமூகத்தின் ஆதி மனத்தைக் கண்டுபிடிக்கப் போனவர், அச்சடித்த புத்தகத்தின் பிற்காலச் சேர்க்கைகளுக்குப் பொருள் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இந்தப் போக்கைப் பரிகசித்து 1963-ல் பிரெடரிக் க்ரூஸ் என்ற பேராசிரியர் ஒரு நூல் எழுதினார். தேனுக்கு அலையும் பூ என்ற கரடிக்குட்டியின் கதையைப் பலவித விமர்சகர்கள் ஆராய்வதுபோல் கேலிக் கட்டுரைகள் புனைந்தார். அவற்றில் ஒன்று மனோதத்துவ வைத்தியருடையது. தேன், பலூன், குழி, வால் என்று கதையில் வரும் ஒன்றையும் அந்தக் கற்பனை வைத்தியர் சும்மா விடுவதில்லை! வேடிக்கை என்னவென்றால், அந்த நாளில் க்ரூஸே பிராய்டின் அபிமானி. பின்னர் மனம் மாறி, பிராய்டின் கடுமையான எதிரிகளில் ஒருவரானார்.

படிக்காமல் அளித்த தீர்ப்பு

இவையெல்லாம் அறிஞர்களின் சண்டை, குழந்தைகளுக்கு இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மாரிஸ் செண்டாக்கின் புத்தகத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

செண்டாக் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1928-ல் பிறந்தவர். போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். 1963-ல், காட்டு ஜந்துக்களைப் பற்றி 338 சொற்களில் ஒரு படக் கதை வெளியிட்டார். ஓநாய் வேஷம் போட்ட மாக்ஸ் என்ற பையன் வீட்டில் அட்டகாசம் செய்கிறான். தாய் அதட்டுகிறாள். உன்னையே தின்றுவிடுவேன் என்கிறான் பையன். சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பப்படுகிறான். அறைக்குள் காடு வளர்கிறது, கடல் வருகிறது, பயங்கர ஜந்துக்கள் வாழும் தீவை அடைகிறான். அவற்றின் மஞ்சள் கண்களைக் கண் கொட்டாமல் பார்த்தே அடக்கி, அவற்றுக்கு ராஜாவாகிறான். ஆட்டம் ஓய்ந்ததும் அந்த ஜந்துக்களைச் சாப்பாடில்லாமல் தூங்க அனுப்புகிறான்!

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தாய் தனக்குச் செய்ததை அவன் தன்னுடைய கோபத்துக்குச் செய்கிறான். வெளியே இருந்த கட்டளை உள்ளே வந்துவிட்டது. உடனே தனிமை தோன்றுகிறது. தன்னை நேசிப்பவர்களிடம் போக ஆசை வருகிறது. திரும்பி வந்தால் அறையில் சாப்பாடு சுடச்சுடக் காத்திருக்கிறது. பையனின் கோபம் வளர வளரப் படங்களும் பெரிதாகி, உச்சத்தில் எழுத்தே இல்லாமல் பக்கங்களை நிரப்புகின்றன. அடங்க அடங்கச் சிறுத்துவிடுகின்றன.

1964-ல் இந்தப் புத்தகத்துக்கு அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. ஆனால் 1969-ல், சிகாகோவில் மனநலம் குன்றிய சிறுவர் பள்ளியை நடத்திவந்த புகழ்பெற்ற டாக்டர் புரூனோ பெட்டல்ஹைம், பெண்கள் பத்திரிகை ஒன்றில் தாய்மார்களுக்கு வேறு விதமாகச் சொன்னார். உணவளிக்கும் தாயே உணவில்லாமல் தனியே அனுப்புவது குழந்தைக்குக் கைவிடப்பட்ட பீதியை உண்டாக்கும். ஆசிரியருக்கு அது புரியவில்லை என்பது அவர் தீர்ப்பு. அப்போது அவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை! தாய்மார்கள் சொல்லக் கேட்டதை வைத்தே பேசினார். கடைசிப் பக்கத்துச் சூடான சாப்பாட்டை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அதே பெட்டல்ஹைம் 1976-ல், தேவதைக் கதைகளின் பயனைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். பயங்கரக் கதைகளைக் குழந்தைகளிடமிருந்து மறைக்கக் கூடாது. சூனியக்காரியும் ராட்சசனும் குழந்தையின் சொந்த அச்சத்துக்கும் கோபத்துக்கும் உருவம் கொடுக்கின்றன. அந்த உருவத்தை வெல்வதால் குழந்தை தைரியம் பெறுகிறது என்று வாதாடினார். மூன்று பன்றிக்குட்டிகளின் கதையில், விளையாட ஆசைப்பட்டு வைக்கோல் வீடு கட்டிய குட்டிக்கும், பொறுத்திருந்து செங்கல் வீடு கட்டிய குட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அழகாக விளக்கினார். நூலுக்குப் பரிசுகள் குவிந்தன. மாக்ஸின் கதை செய்ததும் இதையேதானே?

பெட்டல்ஹைம் ஹிட்லரின் சிறை முகாம்களில் அடைபட்டு மீண்டவர், துயரம் அறிந்தவர். எனினும் தத்துவத்தின்மேல் வைத்த அளவற்ற நம்பிக்கை அவரை வழி தவறச் செய்தது. ஆட்டிசம் என்ற குறைபாடு தாயின் பாசமின்மையால் வருவதென்று 1967-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். அது முற்றிலும் தவறென்று பின்னர் நிரூபணமாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனையோ தாய்மார்கள், தங்களால்தான் குழந்தைக்கு இந்தக் கதி என்று நெஞ்சு புழுங்கியிருக்கிறார்கள். 1990-ல் அவர் காலமான பின், அவருடைய பள்ளியில் வளர்ந்தவர்கள் சிலர் அங்கே அடியும் ஏச்சும் பட்டதாகக் குற்றம் சாட்டினார்கள். தேவதைக் கதை நூலில் மற்றொருவருடைய நூலிலிருந்து சொல்லாமல் எடுத்த பகுதிகள் இருப்பதாக 1991-ல் ஆலன் டண்டஸ் என்ற நாட்டுப்புற இயல் அறிஞர் எழுதினார்.

கதையைத் தவறாகப் படித்தால் கதைக்குக் கேடில்லை. அது இன்னும் நூறு ஆண்டு வாழும். குழந்தையையும் தாயையும் தவறாகப் படித்தால் ஒரு குடும்பமே அழ நேரிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அப்படியானால் வியன்னா வைத்தியரின் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டியதில்லை. குழந்தை தேவதையும் அல்ல, போக்கிரியும் அல்ல. அதற்குள் ஒரு பூனையும் ஒரு மீனும் ஓயாமல் வழக்காடுகின்றன என்று அந்தக் கண்ணாடி காட்டியது பெரிய உபகாரம். "அம்மாவைத் தின்றுவிடுவேன்" என்று கத்தும் பிள்ளை கொடியவன் அல்ல, கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அறியாதவன் என்று புரிந்துகொண்டால், அவனுக்கு அடி குறையும். கண்ணாடியைப் போடுமுன் புத்தகத்தை முழுவதும் படித்துவிட வேண்டும். அதில் இல்லாததைக் காணக் கூடாது. இந்த இரண்டு விதிகள் போதும்.

மூன்றாவது விதி ஒன்றும் உண்டு. அதைச் சொன்னவர், தவறுகள் பல செய்த அதே பெட்டல்ஹைம்தான். கதையின் உட்பொருளைக் குழந்தைக்கு விளக்கிச் சொல்லாதீர்கள் என்றார் அவர். சொன்னால் கதையின் மந்திரம் கலைந்துவிடும். தன் மனத்திலிருப்பதைப் பெற்றோர் படித்துவிட்டார்கள் என்ற கூச்சமும் குழந்தைக்கு உண்டாகும். இந்த ஒரு புத்திமதியில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சுவர்க்கோழிமேல் கொட்டாப்புளி பறக்கும் இடத்தில் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தால், சிரிக்கட்டும். குடிசையில் அந்தச் சுவர்க்கோழியை மறுபடியும் காணும் இடத்தில் அது சற்றே மௌனமானால், ஏன் என்று கேட்க வேண்டாம். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் போதும்.